செவ்வாப்பேட்டைக் களியும் கும்மிடிப்பூண்டிச் சோறும்

என் மனைவி களி தின்னப் போய்ப் பதினேழு நாள் ஆகியிருந்தது. இப்படிச் சொன்னால் நம் ஊரில் ஜெயிலுக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். அதனால் அக்கம்பக்கத்தில், "ஊருக்குப் போயிருக்கா" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தேன்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மேற்கு ஜெர்மனியில் இருபது நாள் இருந்துவிட்டு வந்து, அந்த இருபது நாளை ஒரு பத்திரிகையில் ஏழு மாதம் எழுதினார். அங்கே ரயில் விநாடி பிசகாமல் வருகிறதாம். ரொட்டியில் பதினாறு வகையாம். நான் போனது செவ்வாப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும். மொத்தம் நாலு நாள். ஆனால் அந்நிய தேசத்தில் இறங்கியவன் என்ன முழி முழிப்பானோ அந்த முழியை நானும் முழித்தேன். அந்தத் தகுதி போதும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. விசாலாட்சிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எங்கள் ஒரே பெண் கல்யாணமாகி பம்பாய்க்குப் போய்விட்டாள். புரசைவாக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் சங்கம் நடத்தி வந்தார்கள். ஒரு வருடம் எல்லாரும் வீட்டுப் பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். அடுத்த வருடம் கண்ணாடி ஜாடிக்குள் செடி வளர்த்தார்கள். அதற்கு அடுத்த வருடம் எளிய வாழ்வு வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவர் சதாசிவம் என்பவர். சர்க்காரில் பெரிய இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினார். வெள்ளை அரிசி விஷம், சர்க்கரை விஷம், காப்பி கொடிய விஷம், செருப்புப் போட்டால் பூமியின் சக்தி காலில் ஏறாது என்றார். செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. உழைக்கும் மக்கள் தின்பதைத் தின்று, அவர்கள் படுப்பது போல் தரையில் படுத்து இருபத்தொரு நாள் அங்கே இருந்தால் உடம்பு வைரமாகிவிடும் என்றார். காசு கட்டிச் சேர நான் முந்தி நீ முந்தி என்று பட்டணத்தில் கூட்டம் நின்றது.

விசாலமும் போனாள். இருபத்தொரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்று விட்டேன். பதினாறாம் நாள் ஒரு கார்டு வந்தது. "இங்கே சௌக்கியம். அடுத்த முகாமுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். அரிசி டப்பாவில் வேப்பிலை போட்டு வைக்கவும்." இவ்வளவுதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் எப்படி இருந்தேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஓட்டல் சாம்பாரில் வயிறு கெட்டுப் போயிருந்தது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால் கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, அவள் வளையல் சத்தம் இல்லை. குழாயில் சொட்டுகிற தண்ணீர்தான் கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரொம்ப ஏங்கிப் போயிருந்தேன். புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவளைக் கையோடு அழைத்துவருவது என்று கிளம்பினேன்.

பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆவடி தாண்டுவதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்தது. எதிரே இருந்த கோர்ட்டுக் குமாஸ்தா, திருவள்ளூர்க்காரர், தம்முடைய வேட்டி நுனியைச் சுருட்டி ஊதிச் சூடாக்கி என் கண்ணில் ஒற்றினார். ஜெர்மனியில் இதெல்லாம் செய்வார்களா என்று நண்பரைக் கேட்க வேண்டும். செவ்வாப்பேட்டையில் இறங்கியபோது ஒரே ஒரு ஜட்கா நின்றிருந்தது.

"மாந்தோப்பு ஆஸ்பத்திரிக்கா?" என்று ஜட்காக்காரர் கேட்டார்.

"ஆஸ்பத்திரி இல்லப்பா, முகாம்."

"இன்னாவோ ஒண்ணு. உனுக்கு இன்னா நோவு நைனா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. என் சம்சாரம் அங்க இருக்காங்க."

"அம்மாவுக்கா? ஐய, பாவமே! ஒட்டிக்கிற நோவா?"

நோயே இல்லை என்று விளக்கினேன். அவர் சவுக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கார்ல வர்றாங்கோ, நகை நட்டோட வர்றாங்கோ. உள்ள பூந்தா கூழு, களி. வவுத்துல சேத்தைப் பூசிக்கினு வெயில்ல படுத்துக்கினு கீறாங்கோ. காலுக்கு ஒரு செருப்பு கூட இல்ல. நல்லா கீற மனுசன் இதெல்லாம் பண்ணுவானா, நீயே சொல்லு."

தோப்பு வாசலுக்கு ஒரு ஃபர்லாங் முன்பே வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லிவிட்டார். "கோச்சிக்காத நைனா. குதுரைக்கு ஒட்டிக்கினா அப்பால என் பொயப்பு இன்னா ஆவறது?"

தோப்பு வாசலில் என் செருப்பை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வரிசையாகக் கீற்றுக் குடிசைகள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அழகாக வேய்ந்திருந்தது. தலைவர் குடில் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். சதாசிவத்தின் அம்பாசடர் கார் நின்றிருந்தது. முன்சீட்டில் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தான்.

விசாலம் மரத்தடியில் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வருவாள் என்று நினைத்தேன். "வாங்க" என்றாள், உட்கார்ந்தபடியே. பதினேழு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டவள் வாடி வதங்கியிருப்பாள் என்ற நினைப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வேறு ஒளித்துக் கொண்டுபோயிருந்தேன். அவளோ கன்னம் பூசினாற்போல், கண்ணெல்லாம் தெளிந்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் இருந்த மாதிரி இருந்தாள். நான் இல்லாமல் இவ்வளவு நன்றாக இருக்க முடியுமா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மத்தியானம் பந்தி போட்டார்கள். ஒரு மில் மானேஜர், ஒரு கண் டாக்டர், சில சீமாட்டிகள் என்று பதினைந்து பேர் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். விசாலம் முதல் ஆளாக இடம் பிடித்தாள். முப்பது வயதுப் பெண் ஒருத்தி மந்தார இலையில் கேழ்வரகுக் களி உருண்டையும் உப்பில்லாத கீரையும் வைத்துக்கொண்டே போனாள். அவள் பெயர் கன்னியம்மா. பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவள். போன வருடம்வரை வயல் வேலைக்குப் போனவள். அதிகாலையில் மாவு திரிப்பதிலிருந்து சாயங்காலம் சட்டி கழுவுவதுவரை முகாமில் அவள் ஒருத்திதான்.

"உழைப்பாளிகளின் உணவு! இதில்தான் உயிர் இருக்கிறது" என்றார் சதாசிவம். என் உருண்டை தொண்டையில் பாதி வழியில் நின்றது. விசாலம் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் அவள் இரண்டாம் தடவை எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் தனியாகப் பிடித்து, "வீட்டுக்கு எப்ப வரே?" என்று கேட்டேன்.

"பாக்கலாங்க" என்றாள். கடையில் புடவை பிடிக்காவிட்டால் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலையில் என்னையும் பிடித்துப் படுக்கவைத்து வயிற்றில் சேறு பூசினார்கள். பக்கத்தில் படுத்திருந்த மில் மானேஜர், "சார், உங்க வீட்டுல டிகிரி காப்பியா?" என்று கிசுகிசுத்தார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அவர் வயிற்றுச் சேறு ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை. சேற்றைக் கழுவிவிட்டு, யாரும் பார்க்காமல் தோப்புக்கு வெளியே நழுவினேன்.

அரை மைலில் ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓரமா குந்து சார்" என்று, பெஞ்சின் கோடியைக் காட்டினார். பந்தல் காலில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு கிளாஸை என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லி, உயரத் தூக்கி ஊற்றினார். கிராமத்தில் மரியாதை இப்படி போலிருக்கிறது என்று நினைத்து ரசித்துக் குடித்தேன்.

பாதி குடித்திருப்பேன். கன்னியம்மா கீரைக்கட்டோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றாள். ஆணியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அது எங்க கிளாசு சார்" என்றாள். "குட்ச்சிட்டுக் குடுங்கோ. ரெண்டு இருந்திச்சி, ஒண்ணு ஒட்ஞ்சி பூட்ச்சி."

காலனி ஜனங்களுக்கென்று வெளியே மாட்டி வைத்த கிளாஸ் அது. எனக்கு ஏதோ ஒட்டுகிற நோய் என்று நினைத்து, கடைக்காரர் தம்முடைய கிளாஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்காக வந்த கோபம் என்று எழுத ஆசைதான். எனக்காகத்தான் வந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இவள் தினமும் இதில்தானே குடிக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. மிச்ச டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கிளாஸை இரண்டு தடவை கழுவி அவளிடம் கொடுத்தேன். அவள் மூன்றாம் தடவை கழுவிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அவளாகவே பேசினாள். "சார், ஒண்ணு கேக்கறேன். ஐயாகிட்ட சொல்லிடாதீங்கோ. இன்னிக்கு சாயங்காலம் கும்மிடிப்பூண்டி போறேன். தங்கச்சி அங்க குட்ச போட்டுக்கினு கீறா. பிளாஸ்டிக் கொடம் பண்ற கம்பெனில என் பேரை எய்திக்கினாங்கோ. ஐயாகிட்ட சொன்னா உடமாட்டாரு, பேஜார் பண்ணுவாரு. சொல்லிட்டுப் போறதா, சொல்லாம போறதா?"

நான் உடனே கணக்குப் போட்டேன். இவள் போனால் சமையல் இல்லை. சமையல் இல்லையென்றால் முகாம் இல்லை. முகாம் இல்லையென்றால் விசாலம் வீட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

"சொல்லாமலே போயிடு" என்றேன்.

"காலைல நாஷ்டாவுக்கு அம்மாங்கல்லாம் இன்னா பண்ணுவாங்கோ?"

"உழைப்பாளி சாப்பாடு சாப்பிடத்தானே வந்திருக்காங்க? கொஞ்சம் உழைச்சுப் பாக்கட்டும்."

பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. கன்னியம்மா சிரிக்கவில்லை. கீரைக்கட்டை இடுப்பு மாற்றிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பதினைந்து பேரும் இலையோடு உட்கார்ந்துவிட்டோம். ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. சமையல் கொட்டகையில் அடுப்பு புகையவில்லை. காலனிக்கு ஆள் அனுப்பினார்கள். "கன்னியம்மா கும்மிடிப்பூண்டியில பிளாஸ்டிக் குடக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டாளாம்" என்று செய்தி வந்தது. நான் ரொம்ப ஆச்சரியப்பட்டது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சதாசிவம் எழுந்து சுயதேவைப் பூர்த்தியைப் பற்றிப் பேசினார். நம் உணவை நாமே ஆக்கிக்கொள்வதுதான் எளிய வாழ்வின் சிகரம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிவில், "ஆகவே தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு சமைக்கலாம்" என்றார். தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கள் வீட்டில் சமையல்காரர் உண்டு என்று மூன்று பேர் சொன்னார்கள். கடைசியில் எல்லார் பார்வையும் விசாலத்தின்மேல் வந்து நின்றது.

"எனக்குச் சமைக்க வராதுங்க" என்றாள் விசாலம்.

எனக்குப் புரையேறியது. இருபத்தாறு வருடமாக என் வீட்டில் சமைத்தவள். அவள் வத்தக்குழம்புக்காக என் ஆபீசர் இரண்டு தடவை வீடு தேடி வந்திருக்கிறார். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஆண்களே இறங்கினோம். கண் டாக்டர் மாவைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினார். மில் மானேஜர் துடுப்பைப் பிடித்துக் கிண்டினார். வெளியே கருகி, உள்ளே பச்சை மாவாக, பாறாங்கல் மாதிரி ஒன்று கிடைத்தது. அன்று எல்லாரும் வேர்க்கடலையும் தண்ணீரும் சாப்பிட்டோம். சாயங்காலத்துக்குள் ஆறு பேருக்கு வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

கன்னியம்மாவை நேரில் போய் அழைத்து வந்துவிடுவது என்று சதாசிவம் தீர்மானித்தார். "பெண் துணை இருந்தால் நல்லது" என்று விசாலத்தைக் கூப்பிட்டார். அவள் போகிறாள் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். ஆகவே நாலாம் நாள், சனிக்கிழமை காலை, கூரை வேய்ந்த குடிலிலிருந்து கார் வெளியே வந்தது.

பாதி வழியில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் கார் நின்றுவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, சதாசிவமும் நானும் தள்ளினோம். தார் இளகியிருந்தது. பூமியின் சக்தி எங்கள் வெறுங்காலில் ஏறிய வேகத்தில் இரண்டு பேரும் குதித்துக் குதித்துத் தள்ளினோம். முழு முகாமிலும் அன்று செருப்புப் போட்டிருந்தவன் டிரைவர் மட்டும்தான். சாலையோரம் விறகுக்கட்டோடு வந்த இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் தெலுங்குக் குடித்தனம் இருப்பதால் எனக்குப் புரிந்தது.

"பாவம், செருப்பு வாங்க வழியில்லாதவங்களுக்குக் கார் எதுக்கு?" என்றாள் ஒருத்தி.

"காரை வாங்கினதாலதான் செருப்புக்கு வழியில்லாம போயிருக்கும்" என்றாள் மற்றவள்.

இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த விசாலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். சரியாக நினைவு வரவில்லை.

கும்மிடிப்பூண்டி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. முள் மரங்களை வெட்டித் தள்ளிய செம்மண் வெளியில் நீள நீளமாக ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள், புதுச் சுவர்கள், புகைபோக்கிகள். ஒவ்வொரு கேட்டிலும் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் காத்திருந்தார்கள். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து இறால் கூடை கொண்டுவந்த பெண்கள் நிழல் தேடி நின்றார்கள். காற்றில் பிளாஸ்டிக் உருகுகிற வாடை. சதாசிவம் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார்.

குடக் கம்பெனியை விசாரித்துக் கண்டுபிடித்து, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். சாப்பாட்டு நேரம். கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்களைக் கண்டதும் பயந்துவிட்டாள்.

"நான் எதையும் எட்த்துக்கினு வரல ஐயா" என்றாள் முதலில்.

"சேச்சே, அதுக்கில்லம்மா" என்றார் சதாசிவம். "இந்தப் புகையில உன் உடம்பு என்ன ஆகும்? அங்க மாந்தோப்புக் காத்து, சுத்தமான தண்ணி..."

"காத்து நல்லாத்தான் கீது ஐயா. காத்தைக் குட்ச்சா வவுறு ரொம்பாதே."

"சம்பளம் கூட்டித் தரேன்."

"டப்புக்காக சொல்லல ஐயா." அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சதாசிவத்தை விட்டுவிட்டு விசாலத்தின் பக்கம் திரும்பினாள். கன்னியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, இங்க கேண்டீன்னு ஒண்ணு கீதும்மா. மணி அட்ச்சா கை கய்விக்கினு போய் பெஞ்சில குந்தணும். அவ்ளோதான். தட்டு கொண்ணாந்து வைக்கிறான். வெள்ளைச் சோறும்மா, ஆவி பறக்குது. கொயம்பு ஊத்தறான். துன்னுக்கினு கீறப்ப ஒரு ஆளு பக்கெட்டைத் தூக்கிக்கினு வந்து, ‘இன்னும் சோறு போடட்டுமாம்மா’ன்றான். என்னியப் பார்த்து! யாரையோ கேக்கறான்னு நான் பின்னால திரும்பிப் பார்த்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"தினமுமா?" என்றாள் விசாலம்.

"தெனமும் தானாம்மா."

"தட்டை யார் கழுவறது?"

"அதுக்கு ஒரு ஆளு கீறான்மா."

"எல்லாரும் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நீ நிக்க வேணாமா?"

"இன்னாத்துக்கும்மா நிக்கணும்? மணி அட்ச்சா எல்லாரும் ஒண்ணா குந்த வேண்டிதுதான்."

சங்கு ஊதியது. கன்னியம்மா எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சதாசிவம், வெள்ளை அரிசி இவர்களை எப்படி அடிமைப்படுத்திவிட்டது பார்த்தீர்களா என்றார். நானும் விசாலமும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள் விசாலம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மனம் மாறுவதற்குள் சதாசிவத்திடம் விடைபெற்று, வழியில் ஒரு கடையில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, சென்னை பாசஞ்சரில் அவளை ஏற்றிவிட்டேன். பொன்னேரி வரை எனக்கு வாய் ஓயவில்லை. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை என்றேன். ராத்திரி பகல் உன் நினைப்புத்தான் என்றேன். எல்லாம் நிஜம்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க நினைக்கற மாதிரி இல்லீங்க" என்றாள். "அந்தக் களி எனக்கு மட்டும் பிடிக்குதா என்ன? மண்ணு மாதிரி இருக்கும். ஆனா உட்கார்ந்த இடத்துக்கு ஒருத்தி கொண்டுவந்து போட்டா. சூடா இருக்கறப்பவே சாப்பிட்டேன். கல்யாணமான நாளா ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருக்கேன். எல்லாரும் சாப்பிட்டப்புறம், மிஞ்சினதை, சட்டியோட வெச்சுக்கிட்டு. இனிமே அங்கயும் முறை வெச்சு நாமளே சமைக்கணுமாம். அதுக்கு நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கே."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு கன்னியம்மாவும் எங்களுக்கெல்லாம் போட்டுட்டுக் கடைசியாத்தான் சாப்பிட்டிருப்பா" என்றாள். "இத்தனை நாள்ல ஒரு தடவைகூட நான் திரும்பிப் பாக்கல."

கன்னியம்மாவைப் போகச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்காகச் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டியிருக்குமே, பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அந்தக் கம்பெனில என் வயசுக்காரங்களை எல்லாம் எடுத்துப்பாங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. முப்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வீட்டில் சத்தம் திரும்பி வந்திருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இலை போட்டுக் கூப்பிட்டாள். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சை ரசம். நெய் உருகி ஓடியது. இருபது நாளாக நான் கனவு கண்ட இலை. உட்கார்ந்து, முதல் கவளத்தைப் பிசைந்தவன் நிறுத்தினேன்.

"நீயும் உட்காரேன் விசாலம்" என்றேன்.

கரண்டியோடு நின்றிருந்தவள் என்னையும் இலையையும் பார்த்தாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"யார் போடறது?"

நியாயமான கேள்வி. பதிலை யோசித்துக்கொண்டே சாம்பார் சாதத்தை முடித்தேன். அவள் ரசம் ஊற்றினாள். அதற்கும் யோசித்தேன். அவள் மோர் ஊற்ற வந்தபோதும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.